சூசையப்பருக்கு விட்ட இடம்

நோத்ர-டாம்-த-கிரேஸ், மொன்றியல்
27.12.2007

அன்பு மகள் மாக்கிரட்டுக்கு,

அப்பா எழுதுவது. மாதாவின்ர காவலில இஞ்ச நாங்கள் மூண்டு பேரும் சுகமாய் இருக்கிறம், வன்கூவர் மழைக்குள்ள நீயும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் சுகமாய் இருக்கிறாய் எண்டு நினைச்சுக்கொண்டு இதைத் தொடங்கிறன். எழுத்தைக் கண்ட உடன இது அப்பாவின்ர எழுத்து இல்லையே எண்டு பயப்பிடாதை, போன வெள்ளிக்கிழமை வாசல் இரும்புப் படியில வழுக்கி வலது மணிக்கட்டு வெடிச்சுப் போச்சு, பிளாஸ்டர் போட்டிருக்கு, தையும் மாசியும் போகச் சரிவரும் எண்டு டொக்டர் சொன்னவர், பெரிசா நோவு இல்லை. அதனால நான் சொல்லச் சொல்ல பாலா அன்ரியின்ர மகள் தனுஷா எழுதுறாள். ஊரில ஏழாம் வகுப்பு மட்டும் படிச்சிட்டு வந்த பிள்ளை, இப்ப பதினைஞ்சு வயசு, கையெழுத்து உன்ரயிலும் வடிவு, வாய்தான் கொஞ்சம் நீளம், நான் சொல்லுறதை மட்டும் எழுது எண்டு சொல்லி இருத்தியிருக்கிறன். (வணக்கம் மாகி அக்கா. அடைப்புக்குறிக்குள்ள வாறது எல்லாம் நான், தனு. அங்கிளுக்குக் கண்ணாடி இல்லாமல் அடைப்புக்குறி தெரியாது. வழுக்கினது கால், முறிஞ்சது கை, உளையிறது என்ர விரல். இன்னொண்டு, அவர் சும்மா விழேல்லை. வேற ஆரும் வழுக்கக்கூடாது எண்டு படிக்கு உப்புப் போடப் போனவர், வாளியோட விழுந்தவர். தூக்கேக்க தலையில இருந்து கால் வரைக்கும் உப்பு, காய வைச்சிருந்தால் நல்ல கருவாடு.)

இத்தோட வாற பார்சலில கேக் இருக்கு. உன்ர அம்மா போடுற கணக்குத்தான், ரவை, கஜு, முந்திரிகை வத்தல், சீனியில ஊறின பூசணி, பிரண்டி. அளவெல்லாம் ஞாபகத்தில இருந்துதான் எடுத்தனான், கை விழ முதலே சுட்டுப்போட்டன், நல்ல காலம். மேல சுத்தின கடதாசியைக் கழட்டாமல் குளிர் படாத இடத்தில வை, கிழமைக்கு ஒரு துண்டு எண்டு தின்னு, வேலைத்தலத்தில எல்லாருக்கும் குடுத்து முடிச்சுப் போடாதை. நத்தாருக்கு டியூட்டி எண்டு சொன்னாய். போன வருசமும் டியூட்டி. வருத்தக்காரரைப் பார்க்கிறது பெரிய புண்ணியம், அதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. (அக்கா, உங்கட பேரில ஒரு நூடில்ஸ் இருக்கு, அது ரெண்டு நிமிசத்தில வருது. நீங்கள் ரெண்டு நத்தாராய் வரேல்லை.) போனில கதைக்கேக்க சாப்பிட்டியா, குளிரா எண்டு ரெண்டு கேள்வியோட எனக்குக் கதை முடிஞ்சு போகுது, பேந்து நீயும் மூச்சு விடுற சத்தம் கேக்குது, நானும் மூச்சு விடுறன், கார்ட்டில காசு முடியுது. கடிதம் எண்டால் கொஞ்சம் தைரியம் வருது, அதுதான் இது.

இந்த முறை ஸ்னோ எண்டால் சொல்லி வேலையில்லை. நத்தாருக்கு முந்தின கிழமை, என்ர கை முறிய முதல், ஞாயிறு முழுக்கக் கொட்டினது, காலமை எழும்பிப் பார்த்தால் றோட்டில கார் ஒண்டும் இல்லை, எல்லாம் வெள்ளைக் கும்பியள். நாங்கள் மூண்டு பேரும் சவளும் தும்புத்தடியுமாய் இறங்கிக் கிண்டி எடுத்துக் கடைசியில பார்த்தால் கார் நீலம். எங்கட கார் சிவப்பு. பக்கத்து வீட்டு மனுசன் யன்னலால பார்த்துக்கொண்டு நிண்டிருக்கிறார், நாங்கள் முடிக்கும் மட்டும் வாய் திறக்கேல்லை, முடிஞ்ச உடன மெர்சி மெர்சி எண்டு ஒரு வைன் போத்தலோட வந்தார். (நான் முதலே நம்பர் பிளேட்டைக் கண்டிட்டன். சொல்லியிருந்தால் வைன் வந்திராது.) உன்ர பழைய ஸ்னோச் சப்பாத்தைத் தனு போடுறாள், சொல்லாமல் எடுத்ததுக்குக் கோவியாதை, கட்டிலுக்குக் கீழ சும்மா கிடந்தது. (உங்கட கால் என்ரயிலும் பெரிசு. நுனியில பேப்பர் அடைஞ்சுதான் போடுறன். நடக்கேக்க உங்கட சப்பாத்துக்குள்ள இருந்து பத்திரிகை வாசிக்கிற சத்தம் வரும்.) நத்தார் இந்த முறை செவ்வாய்க்கிழமை வந்தது, பாலா அன்ரிக்குச் செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி, அதனால ஆட்டிறைச்சிக் கறியை உப்புப் பார்க்காமல் மூக்கால மணந்துதான் இறக்கினவ. உன்ர அம்மாவின்ர கறி மாதிரி எண்டு சொல்ல மாட்டன், இது வேற கை, தேங்காய்ப்பால் கூட. எண்டாலும் ரெண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டனான். (உப்புப் பார்க்கிற உத்தியோகம் எனக்கு. ஒவ்வொரு முறையும் ஒரு இறைச்சித் துண்டோடதான் உப்புத் தெரியும் எண்டு சொல்லி ஆறு முறை பார்த்தனான்.)

இப்ப சொல்ல வந்த விசயத்துக்கு வாறன். பாலன் குடில் சோடிச்சம் பிள்ளை. போன வருசம் நீ போன பிறகு எனக்கு மனம் வரேல்லை, சும்மா மேலோட்டமாய் வைச்சு எடுத்தனான், இந்த முறை முறையாய்ச் சோடிச்சம். அதில ஒண்டு நடந்தது. (இஞ்ச அங்கிள் நிப்பாட்டிப்போட்டு, நடந்ததை நீயே எழுது தனு, நான் சொன்னால் ஆரையோ குறை சொல்லுற மாதிரி வந்திடும் எண்டு சொல்லித் தேத்தண்ணி வைக்கப் போனார், ஒரு கையால. அதனால அடுத்த பந்தி முழுக்க நான்தான், அடைப்புக்குறிக்கு லீவு.)

அக்கா, எங்களுக்கு ஒண்டும் தெரியாது, அதை முதல் சொல்லிப்போடுறன். நாங்கள் கோண்டாவில் சைவக்காரர், எங்கட வீட்டில சாமிக்கு வருசம் முழுக்க ஒரே தட்டு, மார்கழியில வந்து தையில பெட்டிக்குள்ள போற சாமியளை நான் உங்கட வீட்டிலதான் கண்டனான். அங்கிள் பெட்டியைத் திறந்து வைக்கோல் பரப்பி ஒவ்வொருத்தராய் எடுத்து வைச்சார், மாடு, மேய்ப்பர், செட்டை வைச்ச சம்மனசு, மூண்டு இராசாக்கள், மாதா. மாதாவுக்குப் பக்கத்தில ஒரு ஆள் நிக்கிற அளவுக்கு வெளி. வெளியைக் கண்டால் என்னால சும்மா இருக்கேலாது, வகுப்பில வாத்தியாற்ற கதிரை காலியாய்க் கிடந்தாலும் அதில என்னத்தையாவது வைப்பன். முதல் நாள் உப்புப் போத்தலை நிப்பாட்டினன், அங்கிள் எடுத்து மேசையில வைச்சார். அடுத்த நாள் ஹொக்கி கோலி பொம்மை, முகமூடி, மட்டை எல்லாத்தோடயும், பாலனுக்கு நல்ல காவல்தானே. அதுக்குச் சிரிச்சவர், ஆனால் கோலியைத் தூக்கிக் கூரையில இருத்திப்போட்டு அந்த இடத்து வைக்கோலைக் கையால தடவிச் சரிபண்ணினவர். அம்மா என்னைப் பிடிச்சு ஏசினவ, ஆக்களின்ர சாமியோட உனக்கென்னடி பகிடி எண்டு. ஏசிப்போட்டுத் தானே யோசிச்சிருக்கிறா, இந்த மனுசனிட்டை மாதாவின்ர புருசன் சூசையப்பர் இல்லை, கேக்க வெக்கப்படுறார் எண்டு. அம்மா வேலை செய்யிற கார்டெறியில, சின்னப் பிள்ளையள் பார்க்கிற இடத்தில, ஒரு கெபெக் மனுசி இடம் சொல்ல, இருபத்தினாலாம் திகதி வேலை அரைநாளோட விட, மஞ்சள் மெத்ரோ எடுத்து ஆத்துக்கு அடியால லொங்குய்ய் போய், அங்க ஒரு கோயில் நிலவறையில பழஞ்சாமான் விக்கிற இடத்தில சூசையப்பரைக் கண்டுபிடிச்சு, துவாயால சுத்தி மடியில இருத்திக்கொண்டு வந்தவ. மெத்ரோவில முன்னால இருந்த கிழவி ஒருத்தி துவாயை விலக்கிப் பார்த்து அவருக்கு பொன்சூர் சொன்னவவாம். வீட்டை வந்து துவாயைக் கழட்டினால் ஆள் வளர்த்தி. மாதா அவற்ற முழங்காலுக்கு நிக்கிறா. மூக்கு நுனி வேற உடைஞ்சு, வெளியில தொப்பியில்லாமல் நிண்ட ஆள் மாதிரி. கூரை இடிக்கும் எண்டு அம்மா அவரைக் கொஞ்சம் சரிச்சு அந்த இடத்தில நிப்பாட்டிப்போட்டு, அங்கிள் குளிச்சு வரும் மட்டும் சீலைத் தலைப்பைக் கையில சுத்திக்கொண்டு நிண்டவ. அவர் வந்தார். பார்த்தார். நல்லாயிருக்கு பாலா எண்டார். சொல்லிப்போட்டு ஜக்கெற்றை ஒரு கையில மட்டும் கொழுவிக்கொண்டு சவளை எடுத்துக்கொண்டு வெளியில போனார். வெளியில ஸ்னோ கொட்டேல்லை அக்கா. காலமை நான் வழிச்ச படி, துப்புரவாய்க் கிடந்தது. அதையே திருப்பி ஒரு கையால வழிச்சுக்கொண்டு நிண்டார். அம்மா கொஞ்சம் பொறுத்துப் பின்னால போனவ. நான் யன்னலால பார்த்தன், கதை கேக்கேல்லை, வாயால வாற புகைதான் தெரியுது. அவற்ற வாயால கனநேரம் புகை வந்தது, அம்மாவின்ர வாயால ஒண்டும் வரேல்லை. பேந்து அம்மா சவளை வாங்கிச் சுவரோட சாத்திப்போட்டு உள்ள வந்தவ, சப்பாத்தோட, எங்கட அம்மா சப்பாத்தோட வீட்டுக்குள்ள நடந்ததை அண்டைக்குத்தான் கண்டனான். நேர குடிலடிக்குப் போய்ச் சூசையப்பரைத் தூக்கிக் குடிலுக்கு வெளியில பஞ்சு ஸ்னோவுக்க நிப்பாட்டினா, வாசலைப் பார்த்தபடி. வைக்கோலைத் தடவிவிட்டா. பெட்டியின்ர அடியில கிடந்த சின்னக் கண்ணாடி விளக்கை எடுத்து அந்த வெளியில வைச்சு, சாமி விளக்குக்கு வைச்சிருக்கிற நெருப்புப்பெட்டியால கொளுத்தினா. ஏனம்மா எண்டு கேட்டன். அந்த இடத்துக்கு ஆள் இருக்காம் பிள்ளை, இவர் பிந்தி வந்தவர்தானே, வாசல்ல நிண்டால் என்ன எண்டு சொல்லிப்போட்டு இறைச்சிக்கு வெங்காயம் உரிக்கப் போனா. முழுக் கதை எனக்கு இண்டைக்குத்தான் தெரியப் போகுது, இனி அங்கிள் சொல்லப் போறதை எழுதேக்க.

இனி அப்பா. உனக்குத் தெரிஞ்ச கதைதான் பிள்ளை, ஆனால் எழுதுறவளுக்குத் தெரியாது, அதோட எனக்கும் ஒருக்காச் சொல்லவேணும் போல கிடக்கு. நீயும் அம்மாவும் வந்து இறங்கின முதல் மார்கழி, உனக்குப் பதினாலு வயசு. நாலு வருசம் தனிய இருந்த வீட்டில முதன்முதல் ரெண்டு பேரின்ர சத்தம். அம்மா சூட்கேசைத் திறந்தால் உடுப்பு அரைவாசி, சீலைக்குள்ள சுத்தின குடில் சாமியள் அரைவாசி. பாசையூர் வீட்டில இருந்து இடப்பெயர்வுக்குள்ள சாவகச்சேரிக்குத் தூக்கி, அங்கயிருந்து வன்னி, கொழும்பு லொட்ஜ், பிளேன், ஒருத்தருக்கும் ஒரு விரல் உடையேல்லை. எங்கட ஊரில குடில் படலையடியில கட்டுறது, றோட்டால போறவையும் பாலனைக் காணவேணும் எண்டு. இஞ்சயும் அப்பிடித்தான் எண்டு அம்மா நிண்டவ. எனக்கு இந்த ஊர் தெரியும், நான்தான் வேண்டாம் எண்டு சொல்லியிருக்கவேணும், ஆனால் நீங்கள் வந்த சந்தோசத்தில எனக்குப் புத்தி வேலை செய்யேல்லை. நடைபாதை ஓரம் குவிஞ்சு கிடந்த ஸ்னோ மலையைக் குடைஞ்சு குகை வெட்டினன், நீ உள்ளுக்கு நீல பல்ப் கொழுவினாய், அந்த றோட்டிலயே அப்பிடி ஒரு வடிவு இல்லை, பள்ளிக்கூடம் விட்டு வாற பிள்ளையள் எல்லாம் முழங்காலில இருந்து எட்டிப் பார்த்துப்போட்டுப் போகுங்கள். நத்தாருக்கு அடுத்த நாள் காலமை சைரன் கேட்டுது. ஸ்னோ அள்ள வாறாங்கள் எண்டு எனக்கு விளங்க முதலே மெசின் மூண்டு வீடு தள்ளி நிண்டது, பக்கத்தில லொறி. அம்மா வீட்டுச் செருப்போட பாய்ஞ்சு ஒரு கையில பாலனையும் ஒரு கையில மாதாவையும் எடுத்தா, நீ மாடு, மேய்ப்பர், சம்மனசு, இராசாக்கள் எண்டு கையில பட்டதை எல்லாம் அள்ளினாய், நான் விசரன் வயரை இழுத்துக்கொண்டு நிண்டன். சூசையப்பர் ஸ்னோவோட லொறிக்குள்ள போயிட்டார். அம்மாவுக்கு ரெண்டு கைதானே.

(எழுதிறதை நிப்பாட்டி அங்கிளைப் பார்த்தன். அவர் சிரிச்சுக்கொண்டிருந்தவர், அதனால நானும் சிரிச்சன்.)

அவ அந்தச் செருப்போடயே லொறிக்குப் பின்னால ஓடினது ஞாபகம் இருக்கோ, சீலைக்கு மேல என்ர ஜக்கெற், வகுப்பில படிச்ச ரெண்டு பிரெஞ்சுச் சொல்லை வைச்சுக்கொண்டு மெஸ்யே மெஸ்யே எண்டு. ட்ரைவர் நிப்பாட்டி இறங்கி வந்தான், அம்மா கையில இருந்த மாதாவைக் காட்டி, பக்கத்து வெறும் இடத்தைக் காட்டினா. அவனுக்கு விளங்கிப் போச்சு. தொப்பியைக் கழட்டினான். லொறிக்கு மேல ஏறி நிண்டு சவளால கிளறியும் பார்த்தான், கிடைக்கேல்லை. வசந்தத்தில ஸ்னோ உருகேக்க வருவார் மடாம் எண்டு சொல்லிப்போட்டுப் போனான். (பிரெஞ்சில வசந்தத்துக்கு ப்ரந்தோம். எங்கட காதில பிரிந்தோம் எண்டுதான் விழும். அந்த ட்ரைவருக்கு அது தெரிஞ்சிருக்காது.) அம்மா அதை நம்பினா. சித்திரையில என்னை இழுத்துக்கொண்டு, ஊர் ஸ்னோவெல்லாம் கொட்டுற கல்லுக்குழிக்குப் போனவ, கறுத்துப்போன பெரிய மலை, சுத்தவரக் கம்பிவேலி, வேலியடியில நிண்டு பாணும் சம்பலும் சாப்பிட்டிட்டு வந்தம். நான் புதுச் சூசையப்பர் வாங்கித் தாறன் எண்டால் வேண்டாம் எண்டுவா, செல்லடிக்குள்ளால வந்த மனுசன், இதுக்குள்ளாலயும் வருவார், வந்தால் நிக்க இடம் வேணும் எண்டுவா. வழி தெரியட்டும் எண்டு அந்த இடத்தில விளக்கு வைச்சா. அவ கண்மூடின பிறகு நீ வைச்சாய். போன வருசம் நீயும் இல்லை, எனக்குக் கொளுத்த மனமில்லை, விளக்கைப் பெட்டியை விட்டே எடுக்கேல்லை.

அண்டைக்குப் படியில நிண்டு பாலாவுக்குச் சொன்னது இவ்வளவுதான். முதலே சொல்லியிருந்தால் அந்த மனுசி ஆத்துக்கு அங்கால போய்ச் சிலை சுமந்திருக்காது. இப்ப அவ கேக்கிறது ஒண்டுதான், மாக்கிரட்டுக்கு எழுதுங்கோ, அவள் வந்து சொல்லட்டும், உள்ளுக்கு எடுக்கிறதோ, வெளியில விடுறதோ, வாங்கின இடத்திலயே குடுக்கிறதோ எண்டு. எனக்கும் அதுதான் சரியாய்ப் படுது. நீ வெளிக்கிட்டுப் போன அண்டு விமான நிலையத்தில என்னை நிமிந்து பார்க்காமல் போனாய், ஏன் எண்டு எனக்குத் தெரியும், நீயும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. உன்ர அம்மாவின்ர இடத்தில நான் ஒருத்தரையும் வைக்கேல்லை மகள். பாலா வந்தது வேற இடத்துக்கு, அந்த இடம் அவ வந்த பிறகுதான் எனக்கே தெரிஞ்சது. (இதை அவர் சொல்லேக்க அம்மா குசினியில குழாயைத் திறந்துவிட்டவ. கழுவ அங்க ஒரு கோப்பையும் இருக்கேல்லை.) மூண்டு இராசாக்கள் திருநாளோட குடிலைக் கழட்டுறது வழமை, இந்த முறை கழட்ட மாட்டன். மாசி எண்டாலும் பங்குனி எண்டாலும் நிக்கும், பங்குச் சுவாமி வீடு சந்திக்க வந்து கேட்டாலும் மகள் வரட்டும் எண்டு சொல்லுவன். டிக்கெற்றுக்கு நான் காசு அனுப்புறன் எண்டால் உனக்குக் கோபம் வரும், அதனால அனுப்பேல்லை. டியூட்டி இல்லாத ஒரு கிழமையைப் பார்த்து வா.

ஞாயிறுப் பூசையை விடாதை, மழைக்குத் தலையை மூடிக்கொண்டு போ, இரவு வேலை முடிஞ்சு தனிய நடந்து வராதை, ஆரும் கூட வேலை செய்யிற பிள்ளையோட சேர்ந்து வா. கேக் கட்டின தகர ரின்னை எறியாதை, அது அம்மாவின்ரது, வரேக்க கொண்டு வா. பாலனும் மாதாவும் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைச்சிருக்கட்டும், அம்மாவின்ர ஆசீர்வாதம் உன்ர தலைக்கு மேல எப்பவும் நிக்கும். பாலா அன்ரியும் தன்ர அன்பைச் சொல்லச் சொன்னவ.

உன்னை எந்நேரமும் நினைக்கிற அப்பா,
மரியநாயகம்

(கையெழுத்து இடக்கையால வைச்சவர், சிலந்தி நடந்த மாதிரி இருந்தாலும் அது அவர்தான். வைக்க முதல் கண்ணாடியை எடுத்துப் போட்டு முழுக்க வாசிச்சவர், எல்லா அடைப்புக்குறியையும் கண்டிட்டார், ஒண்டையும் வெட்டச் சொல்லேல்லை. சூசையப்பர் இன்னும் வெளியிலதான், காதுக்குக் குளிரும் எண்டு நான் ஒரு கம்பளித் துண்டு கட்டிவிட்டிருக்கிறன், அதுக்கு ஆரும் ஏசேல்லை. அக்கா, வன்கூவர் சப்பாத்தோட இஞ்ச இறங்கினால் கால் விறைச்சுப் போகும். அம்மா எனக்கு வேற வாங்கித் தந்திட்டா. உங்கட சப்பாத்தை உப்புக் கறை போகக் கழுவி, நுனியில இருந்த பேப்பரை எடுத்துப்போட்டு, வாசல்ல வைச்சிருக்கிறன்.)